தொடங்கும்போதே முடங்கும் மடிக்கணினி

மடிக்கணினி தொடங்கும்போதே நின்று, மீண்டும் மீண்டும் தானே தொடங்குகிறதா? விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவ அவசரப்படாதீர்கள். எழுதிவைத்த கதைகளும் படங்களும் அதோடு போய்விடலாம்.

முதலில் யுஎஸ்பி கருவிகளைக் கழற்றிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். தொடர்ந்து சிலமுறை தவறினால் விண்டோஸ் 10, 11 இரண்டும் பழுதுநீக்கும் திரையைத் தாமாகவே காட்டும். அதில் 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' சென்று, ரீஸ்டார்ட் செய்து, எண் 4-ஐ அழுத்தினால் 'சேஃப் மோட்' வரும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்கத் திறவுகோல் தேவைப்படலாம்.

அங்கே நன்றாக இயங்கினால் கோளாறு பெரும்பாலும் புதிதாக நிறுவிய மென்பொருளிலோ டிரைவரிலோதான். கோப்புகளை வெளி வன்தட்டில் பிரதியெடுத்தபின் அதை நீக்குங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக்கின் பிழையான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் கணினிகளை முடக்கியபோதும், பல கணினிகள் ஒரு கோப்பை நீக்கியதும் மீண்டன.

சேஃப் மோடிலும் நின்றால் நினைவகமோ வன்தட்டோ பழுதாகியிருக்கலாம். பழுதுபார்ப்பவரிடம் முதலில் கோப்புகளை மீட்கச் சொல்லுங்கள்.