ஏற்றக் கணக்கு வந்த பாதை

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு இருவர் சேர்ந்தே சைக்கிள் மிதித்து வந்தாலும், இருவரின் கருவிகளும் ‘எலிவேஷன் கெயின்’ (மொத்தமாக ஏறிய உயரம்) என்று வெவ்வேறு எண்களையே காட்டும். கைபேசிச் செயலி மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். பெரும்பாலும் எந்தக் கருவியிலும் பழுதிருக்காது. அந்த எண் நம் ஹேண்டில்பாருக்கு வந்து சேர்ந்த வழிகள்தான் வேறு வேறு.

பழைய வழி பாதரசத்தில் தொடங்குகிறது. 1643-இல் இத்தாலியின் டாரிசெல்லி பாதரசக் குழாயில் காற்றின் அழுத்தத்தைக் கண்ணுக்குக் காட்டினார். 1648 செப்டம்பர் 19 அன்று, பிரான்சில் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி அவருடைய அக்காள் கணவர் பெரியே அந்தக் குழாயோடு புய் தெ தோம் மலையேறினார். உச்சியில் பாதரசம் ஏறக்குறைய 8 செ.மீ. இறங்கியிருந்தது. உயரத்தைக் காற்றைக் கொண்டே அளக்கலாம் என்று உலகம் அன்று தெரிந்துகொண்டது.

ஆனால் பாதரசக் குழாயைச் சுமந்துகொண்டு எத்தனை மலை ஏறுவது? 1844-இல் லூசியன் விடி, காற்று நீக்கிய சிறு உலோகப் பெட்டியால் அந்த வேலையை முடித்தார். சில ஆண்டுகளில் யூஜின் போர்டோன் வளைந்த உலோகக் குழாயால் அழுத்தமானி செய்ய, அது தன் யோசனையின் நகல் என்று விடி வழக்குப் போட்டு, கடைசியில் இழப்பீடும் பெற்றார். ஓசூர் சிப்காட் கம்ப்ரசர்களிலும் சாலையோரப் பஞ்சர் கடைகளிலும் முள் ஆடுகிற மீட்டர் போர்டோனின் வாரிசு. சைக்கிள் கருவிக்குள் இருக்கும் கடுகளவு பாரோமீட்டர் சென்சார் விடியின் வழியில் வந்தது.

இந்த வம்சத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: வானிலை. மழைமேகம் திரண்டு அழுத்தம் ஒரு மில்லிபார் இறங்கினால், நின்ற இடத்திலேயே சுமார் 9 மீட்டர் ஏறிவிட்டதாகக் கருவி நம்பும். அதன் சிறு துளையை வியர்வையோ மழைநீரோ அடைத்தால் கணக்கு இன்னும் கெடும்.

அடுத்த வழி வானத்திலிருந்து வந்தது. 1983-இல் வழிதவறிய கொரிய விமானத்தை சோவியத் படை சுட்டு வீழ்த்திய பிறகு, ஜி.பி.எஸ்.ஸைப் பொதுமக்களுக்கும் தருவதாக அமெரிக்கா அறிவித்தது. பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்த பிழையை 2000 மே மாதம்தான் நீக்கியது. ஆனாலும் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேலே மட்டும் இருப்பதால் உயரத்தில் பிழை அதிகம். தென்னிந்தியாவில் பூமியின் ஈர்ப்பும் சற்றுக் குறைவு, அதனால் ஜி.பி.எஸ்.ஸின் திருத்தாத உயரம் இங்கே உண்மையைவிட 80 மீட்டருக்கும் மேல் குறைவாக வரும்! இந்தக் குறைவு நம் வட்டாரம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் ஏற்றக் கணக்கைப் பாதிப்பதில்லை.

அதே 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாளில் பூமியின் நிலப்பரப்பில் 80 சதவீதத்தை ராடாரால் அளந்தது. பாரோமீட்டர் இல்லாத கைபேசிகளுக்குச் செயலிகள் இப்படிப்பட்ட உயர வரைபடங்களைத்தான் துணைக்கு அழைக்கின்றன. ராயக்கோட்டைப் பக்கம் மலையடிச் சாலையில் ஜி.பி.எஸ். சில மீட்டர் விலகினால் போதும். சரிவின் உயரம் உங்கள் கணக்கில் ஏறிவிடும். பாலத்தில் போனால் ஆற்றுக்குள் இறங்கி ஏறியதாகவும் செயலி எழுதும்.

கடைசியாகக் கூட்டல். எத்தனை மீட்டர் ஏறினால் அதை ஏற்றம் என்பது? ஒவ்வொரு செயலியும் தனக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒரே மூச்சாக ஏறும் மலைப்பாதையில் வித்தியாசம் சிறிது. தளி, தேன்கனிக்கோட்டை போல மேடும் பள்ளமுமாகப் போகும் சாலையில் பெரிது.

என் தீர்ப்பு பாரோமீட்டர் பக்கம்தான். ஓசூர் ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். அதைக் கருவியில் பதித்துப் புறப்படுங்கள். அதே இடத்துக்குத் திரும்பியதும் எண்ணைப் பாருங்கள். எவ்வளவு மாறியிருக்கிறதோ, அவ்வளவும் பெரும்பாலும் வானிலையின் வேலை.