மருத்துவ நேரியல் முடுக்கி: வரலாறும் பாகங்களும்

மருத்துவ நேரியல் முடுக்கி என்பது எலக்ட்ரான்களை நேர்கோட்டுக் குழாய் ஒன்றில் ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு முடுக்கி, அவற்றால் உண்டாகும் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு புற்றுநோய்க் கட்டிகளை அழிக்கும் கருவியாகும்.

தோற்றம்

சில நூறு கிலோவோல்ட்டில் இயங்கிய பழைய எக்ஸ் கதிர்க் கருவிகளில், உடலின் ஆழத்தில் உள்ள கட்டியைவிடத் தோலே மிகுதியான கதிரைப் பெற்றது. ஆழ ஊடுருவும் கதிருக்கு வழிவகுத்தது ராடார் நுட்பம். 1937இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் வேரியன் சகோதரர்கள் கிளைஸ்ட்ரானை உருவாக்கினர். 1940இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ராண்டல், பூட் ஆகியோர் குழி மக்னெட்ரானை உருவாக்கினர். மக்னெட்ரான் நுண்ணலையை உண்டாக்குகிறது. கிளைஸ்ட்ரான் அதைப் பெருக்குகிறது.

1953இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 8 மெகாவோல்ட் முடுக்கி நோயாளிகளுக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. 1956இல் ஹென்றி காப்லான், எட்வர்ட் கின்ஸ்டன் ஆகியோர் ஸ்டான்போர்டில் அமைத்த கருவியில், விழித்திரைப் புற்றுநோயால் ஒரு கண்ணை இழந்திருந்த சிறுவனின் மறு கண் காப்பாற்றப்பட்டது.

பாகங்கள்

எலக்ட்ரான் துப்பாக்கியில் சூடாக்கப்படும் எதிர்முனை எலக்ட்ரான்களை வெளியிடுகிறது. அவை காற்று நீக்கப்பட்ட தாமிர அலைவழிகாட்டிக்குள் நுழைந்து, பொதுவாக 3000 மெகாஹெர்ட்சை ஒட்டிய நுண்ணலையின் மின்புலத்தால் உந்தப்பட்டு ஆற்றல் பெறுகின்றன. பல கருவிகளில் வளைவுக் காந்தம் இக்கற்றையை நோயாளியின் பக்கம் திருப்புகிறது.

கற்றை டங்ஸ்டன் போன்ற கன உலோக இலக்கில் மோதும்போது எக்ஸ் கதிர் பிறக்கிறது. அது நடுவில் செறிந்திருப்பதால், கூம்பு வடிவ வடிகட்டி அதைச் சமன்செய்கிறது. அயனியாக்க அறைகள் கதிர் அளவைக் கணக்கிட்டு, குறித்த அளவு எட்டியதும் கற்றையை நிறுத்த உதவுகின்றன. இறுதியில் உலோகத் தடுப்புகள் கதிர்ப்புலத்துக்கு வடிவம் தருகின்றன.

மேலோட்டமான கட்டிகளுக்கு இலக்கு விலக்கப்பட்டு, எலக்ட்ரான் கற்றையே பரப்பப்பட்டுச் செலுத்தப்படும். இலக்கிலும் வடிகட்டியிலும் பெரும்பகுதி வீணாவதால், எக்ஸ் கதிர் முறைக்கு எலக்ட்ரான் முறையைவிடப் பன்மடங்கு கற்றை மின்னோட்டம் தேவை. ஆகவே மின்னோட்டமும் இலக்கின் இடமும் எப்போதும் பொருந்தியிருக்க வேண்டும்.

தெரக்-25 விபத்துகள்

கனடாவில் தயாரிக்கப்பட்ட தெரக்-25 கருவியில் இப்பொருத்தத்தைக் காக்கும் பொறுப்பு பெரிதும் மென்பொருளிடம் விடப்பட்டது. முந்தைய தெரக்-20 கருவியில் இருந்த தனி வன்பொருள் தடைகள் இதில் இல்லை. 1985 முதல் 1987 வரை கனடாவிலும் அமெரிக்காவிலும் 6 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிரைப் பெற்றனர். சிலர் அதனால் இறந்தனர். டெக்சாஸ் மாநிலத்தில் நிகழ்ந்த விபத்தில், இயக்குபவர் சிகிச்சை முறையை விரைவாகத் திருத்தியபோது மென்பொருள் பிழையால் எக்ஸ் கதிருக்குரிய வலிய கற்றை இலக்கு இல்லாமலே பாய்ந்தது. அதன் செறிவைத் தாங்காத அயனியாக்க அறைகள் குறைந்த அளவையே காட்டின.

பின்னர் இக்கருவிகளில் மென்பொருளைச் சாராத வன்பொருள் தடைகள் சேர்க்கப்பட்டன. மருத்துவக் கருவிகளின் மென்பொருள் பாதுகாப்பு பற்றிய பாடங்களில் இந்நிகழ்வுகள் இன்றும் இடம்பெறுகின்றன.