முல்லைத்தீவு இழந்த அயல்

கடற்கரையில் கத்தோலிக்க மீனவர், வயலோரத்தில் சைவ உழவர், தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் முஸ்லிம் மக்கள்: இம்மூவரின் உழைப்பிலும் வளர்ந்த ஊரே முல்லைத்தீவு. தேவாலய மணியும் பள்ளிவாசல் பாங்கும் வற்றாப்பளைக் கண்ணகியின் வைகாசிப் பொங்கற் பறையும் ஒரே காற்றில் கலந்தன.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோரை விரட்டினர். முல்லைத்தீவு முஸ்லிம்களும் வீடுவாசலைத் துறந்தகன்றனர். பலருக்குப் புத்தளத்து அகதி முகாம்களே உறைவிடமாயின. துப்பாக்கியின் முன் அயலார் குரல் எடுபடவில்லை.

2009இல், போரின் முடிவில், அதே மாவட்டத்துச் சைவரையும் கத்தோலிக்கரையும் அரசு செட்டிகுளம் முகாம்களில் முட்கம்பிக்குள் அடைத்தது.

அயலானின் வீட்டைப் பறித்த விடுதலை, நம் வீட்டையும் காக்கவில்லை. திரும்பிவரும் முஸ்லிம் குடும்பத்துக்கு அதன் நிலத்தை மீட்டுக் கொடுப்பது கருணையன்று, கடன்.