கட்டுமானப் பொறியியல், மேலாண்மைப் பட்டமேற்படிப்பு (பேராக்)

கட்டடத்தின் வலிமையைக் கணக்கிடுவது அமைப்புப் பொறியியல்; அதைக் குறித்த காலத்தில், குறித்த செலவில், உயிர்ச்சேதமின்றிக் கட்டி முடிக்கும் வழியைக் கற்பிப்பது கட்டுமானப் பொறியியல், மேலாண்மைத் துறை. வேலை அட்டவணை, செலவு மதிப்பீடு, ஒப்பந்தச் சட்டம், தளப் பாதுகாப்பு ஆகியவை முக்கியப் பாடங்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் உருவான 'முக்கியப் பாதை முறை' இன்றும் இதன் அரிச்சுவடி: எந்த வேலை ஒருநாள் தள்ளினால் முழுத்திட்டமும் ஒருநாள் தள்ளிப்போகும் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் பல்கலைக்கழகம் இல்லை. ஆனால் கட்டுமானத்தோடு இவ்வூருக்கு அரசியல் உறவு உண்டு. கட்டடக்கலை பயின்ற ச. சாமிவேலு 1974 முதல் 2008 வரை இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். நெடுங்காலம் பொதுப்பணி அமைச்சராகவும் இருந்தார். மலேசியாவில் ஒப்பந்ததாரர்களைப் பதிவுசெய்யும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் 1994இல் அமைந்தது.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 1986இல் பேராக்கின் ஈப்போவுக்கு வந்தது. பின் துரோனோவுக்கும், 2001இல் பினாங்கின் நிபோங் தெபாலுக்கும் பெயர்ந்தது. பேராக்கில் இப்போது 1997இல் தொடங்கிய பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஸ்ரீ இஸ்கந்தாரில் குடிசார் பொறியியலில் ஆய்வுப் பட்டங்கள் வழங்குகிறது. கட்டுமான மேலாண்மையையே முதுநிலையில் படிக்க விரும்புவோர் ஜொகூரில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை நாடலாம். தமிழ்நாட்டில் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் சென்னை ஐஐடியிலும் இத்துறையில் முதுநிலைப் படிப்புகள் உள்ளன.