ஒட்டாவாவின் பேருந்துத் தனிச்சாலை: புறநகர்முதல் கட்டுமானமும் அதன் விளைவும்

முன்னுரை

கனடாவின் தலைநகரான ஒட்டாவாவையும் அதன் புறநகர்களையும் இணைக்கப் பேருந்துகளுக்கென்றே அமைக்கப்பட்ட தனிச்சாலை ‘டிரான்சிட்வே’ எனப்படுகிறது. இதன் முதற்பகுதிகள் 1983இல் திறக்கப்பட்டன. 2019இல் அதன் நடுப்பகுதி இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. இம்மாற்றத்தைப் பேருந்துமுறையின் தோல்வியாகக் கருதத் தோன்றும். எனினும், தனிச்சாலை எங்கே கட்டப்படாமல் விடப்பட்டதோ அங்கேயே இம்முறை தன் எல்லையை எட்டியது என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

பின்புலம்

ஒட்டாவாவில் டிராம் சேவை 1959இல் முடிவுற்றது. 1950ஆம் ஆண்டின் கிரேபேர் திட்டம் நகரைச் சுற்றிப் பசுமை வளையம் ஒன்றைப் பரிந்துரைத்தது. நகரின் வளர்ச்சி அவ்வளையத்தைத் தாண்டிக் கனாட்டா, ஓர்லியன்ஸ், பார்ஹேவன் ஆகிய புறநகர்களாகப் பரவியது. நடுவணரசு அலுவலகங்கள் பலவும் நகர்மையத்திலேயே இருந்தமையால், காலையும் மாலையும் பெருந்திரளானோர் நெடுந்தொலைவு பயணம் செய்ய நேர்ந்தது.

புறநகர்முதல் கட்டுமானம்

செலவு குறைவு என்பதால் வட்டார நிருவாகம் இருப்புப்பாதையைத் தவிர்த்துப் பேருந்தைத் தேர்ந்தது. பேருந்துச்சாலையைப் பகுதி பகுதியாகக் கட்டி, முடிந்த பகுதியை உடனே பயன்படுத்த இயலும். ஆகவே புறப்பகுதிகள் முதலில் கட்டப்பட்டன. புறநகர்த் தெருக்களில் பயணிகளை ஏற்றிய விரைவுப் பேருந்துகள் அப்படியே தனிச்சாலையில் நுழைந்து மையத்தை அடைந்தன. இடையில் வண்டி மாறவேண்டிய தேவை எழவில்லை. பிற்காலத்தில் இருப்புப்பாதையாக மாற்றுவதற்கு ஏற்பவும் இச்சாலை வடிவமைக்கப்பட்டது.

மையத்தில் விடுபட்ட பகுதி

நகர்மையத்தில் மட்டும் தனிச்சாலை அமைக்கப்படவில்லை. அங்கே ஆல்பர்ட், ஸ்லேட்டர் ஆகிய இரு ஒருவழித் தெருக்களில் பேருந்துகளுக்குத் தனித்தடம் ஒதுக்கப்பட்டது. குறுக்குத்தெருக்களும் போக்குவரத்து விளக்குகளும் அப்படியே நீடித்தன. புறநகர்களிலிருந்து தடையின்றி வந்த பேருந்துகள் இங்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கின. நெரிசல் வேளையில் ஒரு திசையில் மணிக்கு 150க்கும் மேற்பட்ட பேருந்துகள் இத்தெருக்களைக் கடந்தன. புறப்பகுதிகளின் வெற்றியே மையத்தின் சுமையாயிற்று.

இருப்புப்பாதை

2019 செப்டம்பர் 14 அன்று 12.5 கி.மீ. நீளமும் 13 நிலையங்களும் கொண்ட கான்ஃபெடரேஷன் வழித்தடம் திறக்கப்பட்டது. அதில் 2.5 கி.மீ. நகர்மையத்தின் அடியில் செல்லும் சுரங்கம். 1980களில் தள்ளிவைக்கப்பட்ட பணி இவ்வாறு நிலத்தடியில் நிறைவேறியது. ஆயினும், முன்னர் நேரே மையம் சென்ற பயணியர் பலர் பிளேர், ஹர்ட்மன், டன்னிஸ் பாஸ்சர் போன்ற நிலையங்களில் பேருந்திலிருந்து இறங்கித் தொடர்வண்டிக்கு மாறவேண்டியதாயிற்று.

முடிவுரை

எளிய பகுதியை முதலில் கட்டியதன் பயனை ஒட்டாவா 36 ஆண்டுகள் துய்த்தது. அரிய பகுதியைத் தள்ளிவைத்ததன் விலையை அடுத்த தலைமுறை செலுத்தியது. பேருந்தா, இருப்புப்பாதையா என்னும் வினாவைக் காட்டிலும், நெரிசல் மிகுந்த இடத்தில் தனிவழி உண்டா என்னும் வினாவே முதன்மையானது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.