நல்லூரரசின் கலங்களும் கடற்போரும்

யாழ்ப்பாண அரசைப் பற்றி எழுதினோர் நல்லூரின் கோயில்களையும் அரண்மனை எல்லைகளையும் மன்னரின் காலவரையறையையும் ஆராய்ந்த அளவிற்கு அவ்வரசின் கலங்களை ஆராய்ந்தாரல்லர். யாழ்ப்பாண வைபவமாலையும் குடியேற்றத்தையும் அரசமரபையும் விரித்துரைக்குமளவிற்குக் கடலைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயினும் ஆரியச்சக்கரவர்த்திகள் தம்மைச் சேதுகாவலர் என்றே கூறிக்கொண்டனர். தம் நாணயங்களிற் 'சேது' என்னும் சொல்லையே பொறித்தனர். நிலப்பரப்பாற் சிறிய ஓர் அரசு பெரிய அரசுகளுக்கிடையே மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்தமைக்கும், பின்னர் வீழ்ந்தமைக்கும் உரிய காரணங்களுள் முதன்மையானது அதன் கடற்பலமே எனலாம்.

இப்பகுதியிற் கலங் கட்டும் தொழில் ஆரியச்சக்கரவர்த்திகளுக்கு முற்பட்டது. முதலாம் பராக்கிரமபாகுவின் நயினாதீவுத் தமிழ்ச் சாசனம், பிறநாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்குதல் வேண்டும் என விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தால் நாலிலொரு கூறும், வணிகச் சரக்குக் கொணரும் கலம் உடைந்தாற் பாதியும் பண்டாரத்திற்குச் சேரவேண்டும் என்பதும் அச்சாசனத்தின் ஆணை. இதனினும் எமது பொருளுக்கு நெருங்கிய சான்று சோழநாட்டிற் கிடைக்கின்றது. இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டின்படி, பராக்கிரமபாகு சோழநாட்டின்மீது படையெடுக்கக் கருதி ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் ஆகிய இடங்களிற் படை திரட்டிப் படவுகளைக் கட்டுவித்தான். இதனையறிந்த சோழர் தரப்பினர், இலங்கை அரசுரிமை கோரிநின்ற சீவல்லபனைப் படையுடன் அனுப்பி அவ்விடங்களை அழிப்பித்தனர். கடலில் எதிர்ப்பதினும் கரையிலேயே கலத்தை அழிப்பது எளிது என்பதைச் சோழர் நன்கு அறிந்திருந்தனர். ஓடாவிமார் உளியெடுத்து வேலைசெய்த துறைகள் போர்க்குறிகளாக மாறியமை ஈண்டு நோக்கற்பாலது.

1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபின் பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளப் பகுதியிற் சந்தித்தார். நல்லூர் தலைநகராக நிலைபெற்ற காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டாதலின், அம்மன்னனை நல்லூர் மன்னன் என்று துணிந்து கூறுதல் இயலாது. எனினும் அவனுடைய கலங்கள் சிறியனவும் பெரியனவுமாக நூறு, மாபார் எனப்பட்ட தமிழகக் கரையில் வந்து நின்றதைத் தாம் கண்டதாக அப்பயணி எழுதியுள்ளார். அங்கே யெமன் நாட்டிற்குப் புறப்பட இருந்த, மதுரைச் சுல்தானுக்குரிய எட்டுக் கப்பல்கள் நின்றன. அவற்றைக் கவரும் நோக்கம் உண்டெனக் கருதிய சுல்தான் காவலைப் பலப்படுத்தினான். வாய்ப்பு இல்லையென்று கண்டபின், யெமனுக்குச் செல்லும் தம் சொந்தக் கப்பல்களைப் பாதுகாக்கவே வந்தோம் என்று வந்தவர்கள் கூறினராம். இச்சிறு நிகழ்ச்சி அக்காலத்துக் கடற்படையின் இயல்பை நன்கு காட்டுகின்றது. வணிகக் கலமும் போர்க்கலமும் வேறு வேறாக இருக்கவில்லை. முத்தும் யானையும் ஏற்றிய மரக்கலமே வேண்டும்போது வீரரையும் ஏற்றியது.

இத்தகைய படைக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. அதுவே அதன் பலம். அதன் குறையும் அதிலேயே அடங்கியிருந்தது. இந்து சமுத்திரக் கரைகள் பலவற்றில் மரக்கலங்களின் பலகைகள் கயிற்றாற் பிணைக்கப்பட்டன. அத்தகைய உடல் அலை மோதும்போது நெகிழ்ந்து கொடுக்கும். ஆழமற்ற கரையில் இழுத்தேற்றவும் ஏற்றது. ஆனாற் கனத்த பீரங்கி வெடிக்கும்போது எழும் பின்னுதைப்பைத் தாங்காது. போத்துக்கேயரின் கப்பல்களோ ஆணி அறைந்து தடித்த சட்டங்களாற் கட்டப்பட்டவை. அவற்றின் உடலும் பீரங்கியும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. மலையாளக் கரையிற் குஞ்ஞாலி மரைக்காயர்கள் விரைந்தோடும் சிறு படகுகளைக் கொண்டே போத்துக்கேயரை நெடுங்காலம் அலைக்கழித்தனர் என்பது உண்மையே. ஆயினும் நேர்நின்று பொருதும் போரிற் சிறுகலத்திற்கு வாய்ப்பு அரிது.

1560 ஆம் ஆண்டில் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா பெருங் கப்பற்படையுடன் வந்து நல்லூரைக் கைப்பற்றினான். மக்களின் எதிர்ப்பால் அங்கே நிலைக்க முடியாது பின்வாங்கினான். ஆனால் மன்னாரைப் பிடித்து அங்கே கோட்டை அமைத்தான். நல்லூர் மீண்டதை வெற்றியாக எழுதுவோர் உளர். உண்மையில் முத்துக்குளிக்கும் கடலும் அதன் வழியும் அன்றே கைநழுவின. 1591 இல் அந்திரே பூர்த்தாடோ படையெடுத்தபோது மன்னன் புவிராச பண்டாரம் கொல்லப்பட்டான். எதிர்மன்னசிங்கம் அரியணையில் அமர்த்தப்பட்டான். 1619 இல் பிலிப்பு த ஒலிவேறா நல்லூரைக் கைப்பற்றியபோது, கடல்வழியே தப்ப முயன்ற சங்கிலி குமாரன் பிடிபட்டுக் கோவாவிற்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். சேதுகாவலர் மரபின் கடைசி மன்னனுக்குக் கடல் வழிவிடவில்லை.

சிறுகலத்தாற் பெருங்கலத்தை வெல்ல இயலாமைக்குப் பின்னுதைப்பே பெருந்தடையாக இருந்தது என்பது இருபதாம் நூற்றாண்டில் வேறொரு வகையில் உறுதிப்பட்டது. ஏவுகணை தானே தன்னை உந்திச் செல்வதாதலின் கலத்தின் உடலை உலுக்குவதில்லை. 1967 ஒக்டோபரில் எகிப்தின் சிறு ஏவுகணைப் படகுகள் இஸ்ரேலின் 'எயிலாட்' என்னும் நாசகாரிக் கப்பலைப் போட் சயித்துக்கு அப்பால் மூழ்கடித்தன. 1971 டிசம்பரில் இந்தியக் கடற்படையின் அத்தகைய படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கின. அவை சோவியத்து ஒன்றியத்திலிருந்து வாங்கியவை. அதன்பின் இந்தியா மும்பாயின் மசகோன் கட்டுதளத்திலும் கோவாவிலும் ஏவுகணைப் படகுகளைத் தானே கட்டியது. ஆயினும் வரைபடமும் ஏவுகணையும் சோவியத்துத் தொழிலிலிருந்தே வந்தன. இலங்கைக் கடற்படை 2000 ஆம் ஆண்டிற் பெற்ற நந்திமித்ர, சுரனிமல என்னும் இரு ஏவுகணைப் படகுகளும் இஸ்ரேலிற் கட்டப்பட்டவையே. கலத்தின் உடலைக் கட்டுவது ஓர் ஆற்றல். அதில் ஏறும் படைக்கலத்தை ஆக்குவது இன்னோர் ஆற்றல்.

குடாநாட்டில் முதலாவது ஆற்றல் அரசோடு அழியவில்லை. நல்லூர் வீழ்ந்து முந்நூறு ஆண்டுகளின் பின்னரும் வல்வெட்டித்துறை ஓடாவிமார் வங்காள விரிகுடாவை ஊடறுத்துச் செல்லும் பாய்க்கப்பல்களைக் கட்டிக்கொண்டிருந்தனர். 1930 இல் அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி, ஏறத்தாழ 89 அடி நீளமானது. அதனை அமெரிக்க மாலுமி வில்லியம் அல்பேட் றோபின்சன் விலைக்கு வாங்கினார். 'புளோரன்ஸ் சி. றோபின்சன்' எனப் பெயர் மாற்றப்பட்ட அக்கப்பலை வல்வெட்டித்துறைக் கடலோடிகளே செலுத்திச் சென்றனர். 1938 ஓகத்து மாதத்தில் அது மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.