செட்டிநாட்டு லேவாதேவி: மூலதனமும் ரொக்க இருப்பும்

அரியக்குடி, காரைக்குடி முதலிய செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார் பர்மாவில் நடத்திய லேவாதேவி, மூலதனம் மட்டுமே ஒரு வங்கியைக் காக்காது என்பதற்கு வலுவான சான்று. 1930 வாக்கில் அங்கு அவர்கள் இட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று பர்மா வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு சொந்த முதல். வங்கிகளின் மூலதனத்துக்கு இன்றைய பன்னாட்டு பாசெல் விதிகள் கேட்பதைவிடப் பல மடங்கு.

குறை ரொக்கத்தில் இருந்தது. கடன்களில் பெரும்பகுதி நெல் வயல்களின் ஈட்டில் முடங்கியிருந்தது. பெருமந்தத்தில் நெல் விலை சரிந்ததும் பணம் திரும்பவில்லை, நிலம்தான் வந்தது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலவுடைமை, அப்பத்தாண்டின் இறுதிக்குள் 25 விழுக்காட்டை எட்டியது. புதுக்கடன் வற்றியது, உழவர் நிலமிழந்தனர். இதை வட்டிக்காரரின் பேராசை என்று மட்டும் எழுதுவது நியாயமன்று: மந்தம் தொடங்கியபோது கைகொடுக்க மைய வங்கியே இல்லை. இந்திய ரிசர்வ் வங்கி 1935இல்தான் வந்தது.

பின்னர் இந்தியாவில் 1949ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம் ரொக்கம், தங்கம், அரசுக் கடன்பத்திரங்களில் குறைந்தபட்ச இருப்பைக் கட்டாயமாக்கியது. கட்டுப்பாடு மிகுந்தாலும் பொருளாதாரம் இளைக்கும்: 1990-91இல் இந்த இருப்பு விகிதம் 38.5, ரிசர்வ் வங்கியில் வைக்கவேண்டிய ரொக்கம் 15 விழுக்காடு. வைப்புத்தொகையில் பாதிக்கு மேல் தொழிலுக்கும் உழவுக்கும் எட்டாமல் போனது.